ஏழாம் முனையில் மூடிய கண்கள்

ஆர்னி கோவல் கதவைத் தட்டியபோது கிளைட் பெர்ரிமன் மேசைமேல் இருந்த க்ரிங்கிளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாதாம் வைத்துச் சுட்ட, வளையம் போன்ற இனிப்பு ரொட்டி. ஹெரான் பாயிண்ட் அணுமின் நிலையம் வாராவாரம் மரியாதைக்காக அனுப்பும். அணு நிலையங்களைக் கண்காணிக்கும் அரசு ஆணையத்தின் ஆய்வாளர்கள், நிலையம் தரும் எதையும் தின்னக் கூடாது என்பது விதி. பார்க்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. கிளைட் தேடிப் பார்த்திருந்தார்.

அவருக்கு வயது நாற்பத்தொன்று. வரித் துறையில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு, இன்னும் பெரிய விதிப்புத்தகம் எங்கே இருக்கிறது என்று விசாரித்து இங்கே வந்து சேர்ந்தவர். அணு நிலையப் பாதுகாப்பு விதிகள் முழுக்க அவருக்கு மனப்பாடம். யாராவது முதல் வரியைச் சொன்னால் மீதியை அவர் சொல்லிவிடுவார். கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவார்.

அவருடைய மேலதிகாரி வெர்னா ஆஸ்குட் அன்று காலைத் தபாலில் வந்த ஒரு புகைப்படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தெட்டு வயது. அவசரப்பட்டு யாரும் பார்த்ததில்லை.

"உள்ளே வாங்க, மிஸ்டர் கோவல்" என்றார், சன்னல் கண்ணாடியில் அவர் முகத்தைக் கண்டு, திரும்பாமலேயே.

"என் பேர் எப்படித் தெரியும் மேடம்?"

"உங்க முகத்தைத்தான் அரை மணி நேரமா பாத்துக்கிட்டிருக்கேன்."

ஆர்னி தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்தார். அறுபத்தொரு வயதுக் காவலர். இடது முழங்கால் மடங்காததால், உட்காருவதையே இரண்டு தவணையாகச் செய்தார். கையில் ஒரு கடிதம். பணியில் தூங்கியதற்காகத் தற்காலிக நீக்கம். வெள்ளிக்கிழமைக்குள் நுழைவு அனுமதி நிரந்தரமாக ரத்து.

"வேலை போறது கூடப் பரவாயில்லை மேடம். இந்த மாசம் முப்பத்தொண்ணோட இன்சூரன்ஸும் நின்னுரும். மார்லீனுக்கு, என் சம்சாரத்துக்கு, மாரில கேன்சர். ஏப்ரல் ஆறாம் தேதி அடுத்த ஊசி. அதோட விலையைக் கேட்டா நம்ம நெஞ்சே நின்னுரும்."

"தூங்கினீங்களா?" என்று கேட்டார் வெர்னா.

ஆர்னி கடிதத்தை நான்காக மடித்தார். "தூங்கலேன்னுதான் நெனச்சேன். நிலையத்துக்கும் தபால்ல ஒரு போட்டோ வந்திருக்குன்னு சொன்னாங்க. எட்டடி தூரத்துல காட்டினாங்க, கண்ணாடி போடலை. கண்ணு மூடியிருந்துச்சு. இருபத்துநாலு வருசமா இங்க காகிதம் சொன்னது எதுவும் பொய்யா இருந்ததில்லை. அதான் எனக்கே சந்தேகம் வந்துருச்சு."

வெர்னா படத்தை அவரிடம் நீட்டினார். கிளைட் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். நெஞ்சுக்கு மேலே மட்டும் இருக்கும்படி இறுக்கி வெட்டிய படம். கான்கிரீட் சுவரில் சாய்ந்த வழுக்கைத் தலை, மூடிய கண், லேசாகத் திறந்த வாய். தாடைக்குக் கீழே ஏதோ ஒரு கறுப்பு விளிம்பு. சுவர் முடியும் இடத்தில் வேலி, வேலிக்கு அப்பால் வெளுத்துப்போன ஏரி. ஓரத்தில் வற்றல் மிளகாய்த் துணுக்கு அளவுக்கு ஒரு சிவப்புப் புள்ளி. படத்தோடு வந்த, பெயரில்லாத தட்டச்சுக் கடிதம், "முனை ஏழு, மார்ச் 14, பிற்பகல் 2.20" என்றது.

"அசப்புல எங்கப்பாவைச் சவப்பெட்டில வெச்சிருந்த மாதிரியே இருக்கேன்" என்றார் ஆர்னி.

"தொப்பியைக் கழற்றிட்டு உக்காருங்களேன்" என்றார் வெர்னா.

"வேணாம் மேடம். வழுக்கை. சர்ச்சுல பாதிரியார் மொறைச்சாத்தான் கழட்டுவேன். ஏரிக் காத்துல கழட்டினா மூளையே ஒறைஞ்சுரும்."

வெர்னா தலையசைத்தார். கிளைட் இதையும் குறித்துக்கொண்டார். அவர் எல்லாவற்றையும் குறித்துக்கொள்பவர்.

ஏழாம் முனை என்பது வேலியோரத்தில் ஒரு மடக்கு நாற்காலி. ஒன்பது மாதத்துக்கு முன் அந்த இடத்தில் வேலியின் அசைவு காட்டும் கருவி பழுதாகிவிட்டது. கருவி பழுதானால் சரியாகும்வரை அங்கே ஒரு மனிதன் உட்கார்ந்து வேலியைப் பார்க்க வேண்டும் என்பது அரசாங்க விதி. பகல் ஷிப்டில் அந்தக் கருவியின் இடத்தில் ஆர்னியைப் போட்டார்கள். கருவிக்கு உதிரிபாகம் வர வேண்டியிருந்தது. ஆர்னிக்கு எதுவும் வர வேண்டியதில்லை.

வெர்னாவும் கிளைட்டும் அங்கே போனபோது காவல் கேப்டன் டார்லா விங்க் கூடவே வந்தார். நாற்பது வயது, சூயிங்கம், குரலில் எப்போதும் ஒரு கால்பந்து மைதானம்.

"கெழவரைக் காப்பாத்த வந்தீங்களா? பாவம், நல்ல மனுஷந்தான். ஆனா காவல்காரன் இல்லை, வேலிக் கம்பம். எங்க ஆளுங்களே எதிரி வேஷம் போட்ட பிப்ரவரி ஒத்திகைத் தாக்குதல்ல நாலே நிமிஷத்துல செத்தாரு. போன வருசம் மூணு. முன்னேறிக்கிட்டு வர்றாரு!" என்று அவரே சிரித்துக்கொண்டார். "மே மாசம் ஆணையமே ஆள் அனுப்பி நிஜச் சோதனை வைக்கப்போகுது. அப்பவும் இவர்தான் ஏழுல உக்காந்தா, ஊரே வேலி தாண்டி வந்து கேக் வெட்டிட்டுப் போயிரும்."

"வயசாயிருச்சுன்னு அனுப்பிடலாமே" என்றார் கிளைட்.

"வயசைக் காட்டி அனுப்பினா வக்கீல் வருவான். ஓட்டப் பரீட்சை வெச்சோம். அந்தக் காலை இழுத்துக்கிட்டே கடைசி நொடில முடிச்சுட்டாரு சனியன்."

வெர்னா வேலிக்கு அப்பால் பார்த்தார். மிஷிகன் ஏரி நீலமாக அலையடித்துக்கொண்டிருந்தது. "அழகா இருக்கு."

"அழகு!" டார்லா எரிச்சலோடு கம்மைத் துப்பினார். "அந்த ஏரினாலதான் ஒரு வருசத்துக்கு இலவசமா பந்து உருட்டுற பௌலிங் ஆட்டம் போச்சு. வருசா வருசம் தீயணைப்புக்காரங்க குளிர்காலத்துல உறைஞ்ச ஏரி மேல ஒரு கக்கூஸ் கூண்டை வெப்பாங்கல்ல? சரியா எந்த நாள் முழுகுதுன்னு சொல்றவங்களுக்குப் பரிசு. நான் மார்ச் பத்தாம் தேதி போட்டேன். அது ஒம்பதாம் தேதி காலைல பத்து நாப்பதுக்கு முழுகித் தொலைச்சுது. பாதிரியாருக்குப் பரிசு. அவருக்கு மேல எடத்துல ஆள் இருக்கு."

திரும்பும் வழியில், காவலர் கூடத்தின் சுவரில் ஒட்டியிருந்த ஒரு தாளைக் கிளைட் ஆசையோடு படித்தார். தலைப்பு: ஒத்திகையில் இறந்தவர்களுக்கான விதிகள். லேசர் துப்பாக்கி பட்டவர் அதே இடத்தில் தரையில் அமர வேண்டும். தொப்பியைக் கழற்றி இரு கைகளாலும் நெஞ்சோடு பிடிக்க வேண்டும். கண்களை மூட வேண்டும். பேசக் கூடாது. ஒத்திகை முடிந்தது என்று அறிவிக்கும்வரை எழுந்திருக்கக் கூடாது.

"எவ்வளவு தெளிவா எழுதியிருக்காங்க!" என்றார் கிளைட். இறப்பதற்கு இவ்வளவு நல்ல விதிகள் வேறெங்கும் இருப்பதாக அவருக்குத் தெரியவில்லை.

பாதுகாப்பு மேலாளர் ப்ரென்ட் ஹாலிஸ்டர் பல் வெளுத்த, பணிவான மனிதர். கேட்ட பதிவேடுகளையெல்லாம் கேட்குமுன் எடுத்துவைத்தார்.

"இதுல எங்களுக்கும் வெக்கம்தான் மேடம். எவனோ போனை உள்ள கடத்திட்டு வந்து படம் எடுத்திருக்கான். உள்ள கேமரா கூடாது, அனுமதிச் சீட்டு வேணும். இந்த வருசம் ஒரே ஒரு சீட்டுதான் குடுத்திருக்கோம். பிப்ரவரி இருபது, எங்க வருடாந்திர ஒத்திகை. அந்தப் படங்கள் எல்லாம் ரகசியம். காகிதத்துல, பெட்டகத்துல இருக்கு. பெட்டகத்தைத் தனியா யாரும் தெறக்க முடியாது. பாதி எண் எனக்கு, பாதி எண் டார்லாவுக்கு. ஆர்னி விஷயத்துல... இருபத்துநாலு வருசம்! மனசு கேக்கலை. ஆனா விதி."

"விதி" என்று கிளைட் உணர்ச்சியோடு ஆமோதித்தார்.

வெர்னா பெட்டகப் பதிவேட்டை மட்டும் பார்த்தார். பிப்ரவரி 21-க்குப் பிறகு அது ஒரே முறைதான் திறக்கப்பட்டிருந்தது.

வெளியே வந்ததும் கிளைட் கேட்டார்: "ஒத்திகை அறிக்கை நம்ம அலமாரில ஒரு பிரதி இருக்கு. எடுத்துட்டு வரட்டுமா மேடம்?"

"வேண்டாம்."

"ஒருவேளை அதுல ஏதாவது..."

"கேள்வி ஒண்ணுதான் கிளைட். தூங்கினாரா, தூங்கலையா. அந்த அறிக்கையைத் தொடாதீங்க."

ஏன் என்று அவர் சொல்லவில்லை. படிக்கக் கூடாது என்று யாராவது சொன்ன தாளைப் படிக்காமல் இருக்கும் திறமை கிளைட்டுக்கு வாய்க்கவில்லை. மதிய இடைவேளையில் அதைக் கழிப்பறைக்குக் கொண்டுபோய் முழுக்கப் படித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

மூன்று மணிக்குக் கூட்ட அறையில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். மேசையின் ஒரு பக்கம் ப்ரென்ட், டார்லா. எதிர்ப் பக்கம் ஆர்னி, தொப்பியோடு. வெர்னா படத்தை நடுவில் வைத்தார்.

"இந்தப் படம் மார்ச் பதினாலுல எடுத்தது இல்லை" என்றார்.

டார்லாவின் வாய் மெல்லுவதை நிறுத்தியது.

"இந்த ஓரத்துல ஒரு சிவப்புப் புள்ளி. கிளைட், என்னன்னு நெனச்சீங்க?"

"மிதவைன்னு நெனச்சேன் மேடம்."

"பூதக்கண்ணாடில பாருங்க. கதவு இருக்கு. கதவுல பிறை வடிவத்துல ஓட்டை இருக்கு. தீயணைப்புக்காரங்க பனிமேல வெச்ச கூண்டு. அது ஒம்பதாம் தேதி காலை பத்து நாப்பதுக்கு முழுகிருச்சு. கேப்டனே சொன்னாங்க, பாவம், ஒரு வருச பௌலிங் போன வருத்தம். பதினாலாம் தேதி ஏரி நீலத் தண்ணி. படத்துல வெள்ளையா இருக்கு, கூண்டும் நிக்குது."

"தேதி தப்பா இருக்கலாம்" என்றார் ப்ரென்ட் மென்மையாக. "வேற ஒரு நாள் தூங்கியிருக்கலாமே."

"இருக்கலாம். அப்போ அடுத்த கேள்வி. ஏரி உறைஞ்சு கெடக்குற குளிர்ல, சர்ச்சுலகூட தொப்பி கழட்டாத மனுஷன், தூங்குறதுக்குன்னு ஏன் தொப்பியைக் கழட்டினார்? பக்கத்துல நாற்காலி இருக்கும்போது ஏன் தரையில உக்காந்து சொவத்துல சாஞ்சார்? தாடைக்குக் கீழே தெரியுற கறுப்பு விளிம்பு தொப்பியோடது. நெஞ்சுல பிடிச்சிருக்கார். அப்படி யார் தூங்குவாங்க?"

கிளைட் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "இறந்தவர்களுக்கான விதிகள்! ரெண்டாவது விதி!"

"ஆமா. அவர் தூங்கலை. செத்துப்போயிருக்கார். நாலாவது நிமிஷத்துல, விதிப்படி. அன்னிக்கு மட்டும்தான் உள்ள கேமராவுக்கு அனுமதி. படங்களைப் பெட்டகத்துல வெச்சீங்க. அதுக்கப்புறம் பெட்டகம் திறந்தது மார்ச் பதினஞ்சு ஒரே நாள்தான், ரெண்டு கையெழுத்து. ஒருத்தர் மட்டும் திறக்க முடியாத பெட்டகம், மிஸ்டர் ஹாலிஸ்டர். இந்த நிலையத்துல திருடறதுக்கும் ரெண்டு பேர் வேணும். இப்போ ரெண்டு பேரும் சேர்ந்து போய் அந்த ஆல்பத்தை எடுத்துட்டு வாங்க. கிளைட் கூட வருவார்."

ஆல்பத்தில் நாற்பத்தொன்றாவது படம் முழுசாக இருந்தது. ஆர்னி பனித் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். இடுப்பில் ஒத்திகைத் துப்பாக்கி, அதில் ஆரஞ்சு நாடா. நெஞ்சில் இரு கைகளாலும் தொப்பி. கீழே ஒட்டியிருந்த சீட்டு: முனை 7, இறந்தவர், 4-ஆம் நிமிடம்.

ஆர்னி கண்ணாடி போட்டுக்கொண்டு அந்தப் படத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்க அழுதார். "நான் தூங்கலை" என்றார். "மார்லீன்கிட்டச் சொல்லணும். தூங்கிட்டேன்னு நானே அவகிட்டச் சொல்லிட்டேன்."

"போங்க. போய்ச் சொல்லுங்க" என்றார் வெர்னா. அவர் குரலில் வழக்கத்துக்கு மாறான ஓர் அவசரம் இருந்தது. கோப்பை மூடினார். "கேள்வி முடிஞ்சுது. தூங்கலை. நான் எழுதப்போறது அவ்வளவுதான்."

அப்போதுதான் கிளைட்டுக்கு மூளையில் விளக்கு எரிந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக வெர்னாவை முந்திவிட்டோம் என்ற மகிழ்ச்சியில் அவருக்கு மூச்சு வாங்கியது.

"ஒரு நிமிஷம் மேடம்! இதுல இன்னும் பெரிய விஷயம் இருக்கு! ஒத்திகை அறிக்கைல என்ன எழுதியிருக்காங்க தெரியுமா? 'ஆறாவது நிமிடத்தில் ஏழாம் முனைக் காவலர் தாக்குதல் குழுவில் இருவரைச் சுட்டு வீழ்த்தினார், தாக்குதல் முறியடிக்கப்பட்டது.' நாலாவது நிமிஷம் செத்தவர் ஆறாவது நிமிஷம் எப்படிச் சுடுவார்? அந்த அறிக்கையே பொய்! அரசாங்கத்துக்குப் பொய் அறிக்கை! கையெழுத்துப் போட்டவங்க மூணு பேர்: ப்ரென்ட் ஹாலிஸ்டர், டார்லா விங்க், அப்புறம்..."

அவர் நிறுத்தினார். ஆனால் எல்லோரும் கேட்டுவிட்ட பிறகு.

"அப்புறம்?" என்றார் ப்ரென்ட். மிக மென்மையாக.

வெர்னா கண்களை மூடித் திறந்தார்.

"ஆர்னி கோவல்" என்றார் கிளைட்.

"ஓ" என்றார் ப்ரென்ட். நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "நான் அன்னிக்குக் கட்டுப்பாட்டு அறைல இருந்தேன். சம்பவ இடத்துக் காவலர் கையெழுத்துப் போட்டிருந்தார், அதை நம்பி நானும் போட்டேன். டார்லா?"

"நான் மேற்கு வாசல்ல. இவர் செத்தது, அறிக்கை போனப்புறம் ஆல்பத்தைப் பாத்துத்தான் தெரியும்" என்றார் டார்லா. கம் மறுபடி ஓட ஆரம்பித்தது.

ஆர்னி திகைத்துப்போய் அவரைப் பார்த்தார். "நீங்கதானே வந்து, 'எந்திரிங்க தாத்தா, போதும் செத்தது, சுடுங்க'ன்னு சொன்னீங்க?"

"நானா? யாராவது பாத்தாங்களா?"

"ஜீப்பு பானட்டுமேல தாளை வெச்சு, 'சீக்கிரம் போடுங்க, மீன் வறுவல் தீர்ந்துரும்'னு..." ஆர்னி எல்லோரையும் மாறிமாறிப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை. எல்லாரும் சாப்பிடப் போக அவசரம். செத்தவன் போட்ட கையெழுத்து செல்லாதுன்னு நெனச்சேன்."

ப்ரென்ட் விரல்களைக் கோத்துக்கொண்டார்.

"மொத்த நிலையத்துலயும்" என்று ப்ரென்ட் வருத்தத்தோடு சொன்னார், "அந்த அறிக்கை பொய்னு நேரடியா தெரிஞ்ச ஒரே ஆள், செத்த ஆள். தெரிஞ்சே பொய்ப் பதிவுல கையெழுத்துப் போட்டா என்ன விதி, மிஸ்டர் பெர்ரிமன்? எனக்கு ஞாபகம் வர மாட்டேங்குது."

கிளைட் வாயைத் திறக்கக் கூடாது என்று நினைத்தார். உண்மையாகவே நினைத்தார். ஆனால் முதல் வரி சொல்லப்பட்டுவிட்டது.

"நாட்டிலுள்ள எந்த அணு நிலையத்திலும் ஐந்து ஆண்டுகளுக்கு நுழைவு அனுமதி கிடையாது" என்றார். "உடனடியாக நடைமுறைக்கு வரும்."

 வெர்னா கோப்பை மறுபடி திறந்தார். ஆணையத்தின் அலுவலர் காதில் விழுந்த குற்றத்தை அவர் எழுதாமல் இருக்க முடியாது. எழுதும்போது ஒரு முறை மட்டும் நிமிர்ந்து கிளைட்டைப் பார்த்தார்.

"தொடாதீங்கன்னு சொன்னேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

படத்தை ஓரம் வெட்டக் கூடாது, பெயரில்லாமல் தபால் போடக் கூடாது என்று ஏதாவது விதி இருக்கிறதா என்று கிளைட் அடுத்த இரண்டு நாளும் தேடினார். இல்லை. ரகசியப் பெட்டகத்தை உரிய காரணமின்றித் திறந்ததற்காக டார்லாவுக்கு மூன்று நாள் சம்பளப் பிடிப்பு. ப்ரென்ட்டைத் தலைமையகத்துக்கு மாற்றினார்கள். இனி எல்லா நிலையங்களுக்கும் நேர்மைப் பயிற்சி அவர் பொறுப்பு. கருவிக்கான உதிரிபாகம் இன்னும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆர்னி தன் லாக்கரைக் காலி செய்ய வந்தார். நுழைவு அனுமதி இல்லாதவர் துணையோடுதான் உள்ளே போகலாம். பார்வையாளர் பேட்ஜ் போட வேண்டும். துணைக்கு வருபவர் படிவத்தை நிரப்ப வேண்டும். காவலர்களில் யாருக்கும் நேரம் இல்லை. கிளைட் வந்தார்.

வாசல் மேசையில் இருவரும் எதிரெதிரே நின்றார்கள். ஆர்னியிடம் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. கிளைட் மன்னிப்புக் கேட்பதற்கான வாக்கியம் ஒன்றை மூன்று நாளாகத் தயாரித்து வைத்திருந்தார். அது வாய்வரை வந்தது.

"உங்க சம்சாரம்..." என்றார்.

"ஊசியைத் தள்ளிவெச்சிருக்கு" என்றார் ஆர்னி. "படிவத்தை நிரப்புங்க சார். பார்க்கிங் ஒரு மணி நேரந்தான்."

பெயர். முகவரி. வருகையின் நோக்கம். கிளைட் ஒவ்வொன்றாக எழுதினார். ஐந்தாவது கேள்வியில் பேனா நின்றது. படித்துக்காட்டியாக வேண்டும், வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்று படிவத்தின் மேலேயே அச்சடித்திருந்தது.

"இதற்குமுன் எப்போதாவது அணுமின் நிலையத்துக்குள் வந்திருக்கிறீர்களா?"

ஆர்னி சுழல் கதவுக்கு அப்பால் ஒரு நிமிடம் பார்த்தார்.

"இல்லைன்னே போட்டுக்குங்க சார்" என்றார். "ஆமான்னா, இன்னொரு பக்கம் நிரப்ப வேண்டியிருக்கும்."

அது பொய்ப் பதிவு. கிளைட் 'ஆம்' என்று எழுதிவிட்டு, தாளைத் திருப்பினார்.